ராக்கெட் செய்யும் ஊருக்கும் அரிட்டாபட்டிக்கும் என்ன தொடர்பு? நகம் அளவு 'டூல்' ஒன்றின் கணக்கு

2025 ஜனவரி 23 அன்று, மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அரிட்டாபட்டி மக்கள் அதைக் கொண்டாடிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சரியாக 12 நாள் கழித்து, பிப்ரவரி 4 அன்று, டங்ஸ்டன் பொருட்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்தது. முதல் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. இரண்டாவது செய்தியை லேத், சிஎன்சி பட்டறைக்காரர்கள்தான் அதிகம் கவனித்தார்கள்.

அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள திருவனந்தபுரம் வரை ஒரு நடை போய் வரலாம்.

திருவனந்தபுரத்தில் எதை வெட்டுகிறார்கள்?

இஸ்ரோவின் ராக்கெட்டுகளை வடிவமைக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தும்பாவில் இருக்கிறது. திரவ எரிபொருள் இன்ஜின்களுக்கான எல்பிஎஸ்சி வலியமலையில். கேரள அரசின் கெல்டெக் ஆலையை 2007 இறுதியில் பிரமோஸ் எடுத்துக்கொண்டது. அதுவும் இதே ஊரில்தான். பக்கத்து கொல்லம் மாவட்டத்தின் சவராவில், ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை 2011 முதல் இருக்கிறது.

டைட்டானியம் எடை குறைந்தது, வலிமையானது, துருப்பிடிக்காது. ராக்கெட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனா அதை வெட்டுறவங்களைக் கேட்டால் கதை வேறு. டைட்டானியக் கலவைகள் சூட்டைக் கடத்துவது சாதாரண எஃகில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். எஃகை வெட்டும்போது சூட்டின் பெரும்பகுதி சீவலோடு வெளியே போய்விடும். டைட்டானியத்தில் அது டூலின் முனையிலேயே தங்கிவிடும். அதனால் எஃகை நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் வெட்டும் கார்பைடு டூல், டைட்டானியத்தில் 50, 60 மீட்டருக்கே திணறும்.

அந்த டூலில் என்ன இருக்கிறது?

சிஎன்சி மிஷினின் விலை லட்சங்களில், கோடிகளில். ஆனால் உலோகத்தைத் தொடுவது 'இன்சர்ட்' என்ற நகம் அளவு துண்டு மட்டும்தான். அதன் உடல் டங்ஸ்டன் கார்பைடு. துகள்களை ஒட்டிப் பிடிப்பது கோபால்ட். 1920களில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் இதை 'வைரம் போல' என்று பொருள்படும் 'விடியா' என்ற பெயரில் விற்றது. நம்மூர் பட்டறைகளில் 'விடியா பிட்' என்ற பேச்சு வந்தது அப்படித்தான்.

அந்த டங்ஸ்டனில் ஏறத்தாழ 80 சதவீதம் சீனாவில் எடுக்கப்படுகிறது. கட்டுப்பாட்டுக்குப் பிறகு உலகச் சந்தையில் விலை வேகமாக ஏறியது.

டூல் விலைதானே, அதில் என்ன பெரிய பாதிப்பு?

நியாயமான கேள்வி. ஒரு பாகம் செய்ய 100 ரூபாய் ஆனால், அதில் டூலுக்குப் போவது 3 ரூபாய்தான் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 30 சதவீதத் தள்ளுபடியில் டூல் வாங்கினாலும் மிச்சம் ஒரு ரூபாய்கூட இல்லை. மாறாக, வெட்டும் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் வெட்டும் நேரம் ஆறில் ஒரு பங்கு குறையும். மிஷின் வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் அந்த நேரத்தோடு சேர்ந்து இறங்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். டூலின் ஆயுளுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை அமெரிக்கப் பொறியாளர் எஃப்.டபிள்யூ. டெய்லர் நூறாண்டுக்கு முன்பே கணக்கிட்டுவிட்டார். அவருடைய சூத்திரப்படி, வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் கார்பைடு டூலின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். 3 ரூபாய் ஏறத்தாழ 5 ரூபாயாகும். அப்போதும் லாபம்தான்! அதனால்தான் பல ஆலைகள் 'டூல் போனா போகட்டும், மிஷின் ஓடட்டும்' என்று நடத்தின.

டங்ஸ்டன் மலிவாக, கேட்டவுடன் கிடைக்கும் வரை அந்தக் கணக்கு சரி. விலை ஏறினால் லாபம் சுருங்கும். சரக்கே வராவிட்டால் மிஷின் நிற்கும். அப்போது இழப்பு 3 ரூபாய் அல்ல, மீதி 97 ரூபாய்.

அப்படியானால் வழி என்ன?

மூன்று வழிகள் இப்போதே இருக்கின்றன.

ஒன்று, அதே டங்ஸ்டனில் அதிக வேலை வாங்குவது. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு போன்ற கோட்டிங் சில மைக்ரான் தடிமன்தான்; ஆனால் சூட்டையும் தேய்மானத்தையும் தாங்கும். டூலின் உள்ளே துளையிட்டு, 70 பார் வரை அழுத்தத்தில் கூலன்ட்டை வெட்டும் முனைக்கே பாய்ச்சலாம். டெய்லர் சொன்ன வேகம்–ஆயுள் இழுபறியை இவை ஓரளவு தளர்த்துகின்றன.

இரண்டு, வெட்டுவதையே குறைப்பது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலை இன்ஜினை எல்பிஎஸ்சி 3டி பிரிண்டிங்குக்கு ஏற்ப மறுவடிவமைத்தது. 2024 மே 9 அன்று அது 665 விநாடிகள் வெற்றிகரமாக எரிந்தது. 14 பாகங்கள் ஒன்றாயின. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ உலோகத்தூள் போதுமானதாக இருந்தது. இதனால் டூலுக்கு வேலை போய்விடாது. பிரிண்ட் செய்த பாகத்திலும் மரையையும் துல்லியமாகப் பொருந்த வேண்டிய பரப்புகளையும் டூலால்தான் முடிக்க வேண்டும்.

மூன்று, தேய்ந்த இன்சர்ட்டைச் சேர்த்து வைப்பது. அது குப்பை இல்லை, கிலோ கணக்கில் விலை போகும் தாது. உலக டங்ஸ்டன் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மறுசுழற்சியிலிருந்தே வருகிறது.

உங்களுக்கு இதில் என்ன?

பிஎஸ்எல்வி தயாரிப்பு ஹெச்ஏஎல்–எல் அண்ட் டி கூட்டணிக்குப் போயிருக்கிறது. குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட் எண்ணிக்கை கூடினால், பாகங்களைச் செய்யும் தனியார் ஆலைகளுக்கு வேலை கூடும். அதே வேகத்தில் டங்ஸ்டன் தேவையும் கூடும். 2023இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் ஒன்று.

அதாவது, சுரங்கம் வேண்டும் என்ற குரல் மறுபடி வரும். அப்போது 'நாட்டுக்குத் தேவை' என்ற ஒரே வாதத்தோடு விவாதத்தை முடித்துவிட முடியாது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியைத் தோண்டுவதற்கு முன், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நம் ஆலைகளில் தேய்ந்த இன்சர்ட்டுகள் எங்கே போகின்றன?

நீங்கள் உற்பத்தித் துறையில் இருந்தால், இந்தக் கேள்வியை நாளைக்கே உங்கள் டூல் ரூமில் கேட்கலாம்.