ஊர் மன்றத்தில் யாருக்கு அதிகாரம்?



2021 பிப்ரவரியில் ஒரு வீடியோ உலகம் முழுவதும் பரவியது. இங்கிலாந்தில் செஷயர் பகுதியிலுள்ள ஹேண்ட்ஃபோர்த் என்ற சிறிய ஊரின் மன்றக் கூட்டம் அது. கொரோனா காலம் என்பதால் 2020 டிசம்பரில் 'ஜூம்' வழியாக நடந்தது. உறுப்பினர்கள் சிலர் கத்தினார்கள். கூட்டத்தை நடத்த உதவிய ஜாக்கி வீவர் என்ற அம்மையாருக்கு அங்கே அதிகாரமே இல்லை என்று தலைவர் சொன்னார். உடனே அம்மையார் அவரையே கூட்டத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்!

எல்லோரும் சிரித்தார்கள். 2022-ல் விசாரணை அறிக்கை வந்தது. அப்படி வெளியேற்ற அவருக்கு முறையான அதிகாரம் இல்லை, ஆனாலும் அன்றைய நிலையில் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது என்றது அறிக்கை. சரி, இவ்வளவு சண்டை போட அந்த மன்றத்துக்கு அப்படி என்னதான் வேலை? பார்ப்போமா?

பெயர் எப்படி வந்தது?

இந்த மன்றத்துக்குப் பெயர் 'பாரிஷ் கவுன்சில்'. ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம்தான் பாரிஷ். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் 'பங்கு' என்பார்களே, அதுதான். முன்பெல்லாம் ஊர்க் காரியங்களையும் தேவாலயக் கூட்டமே கவனித்து வந்தது. 1894-ல் வந்த சட்டம் இரண்டையும் பிரித்தது. ஊர்க் காரியத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் தனியாக வந்தது. அதில் பெண்களும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1918-ல்தான். பார்த்தீர்களா, சின்ன மன்றம் முந்திக்கொண்டது!

என்ன வேலை?

இங்கிலாந்தில் இத்தகைய ஊர் மன்றங்கள் சுமார் 10,000 உள்ளன. ஒரு மன்றத்தில் குறைந்தது 5 உறுப்பினர்கள் இருப்பார்கள். பதவிக்காலம் 4 ஆண்டுகள். பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள். கோப்புகளையும் கணக்கையும் பார்க்க எழுத்தர் ஒருவர் உண்டு.

விளையாட்டுத் திடல், நடைபாதை, தெருவிளக்கு, பேருந்து நிழற்குடை, கல்லறைத் தோட்டம், ஊர்ப் பொதுக்கூடம் போன்றவற்றை மன்றம் கவனிக்கும். அந்த நாட்டுச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பயன்படாமல் நின்ற கூண்டுகளைத் தொலைபேசி நிறுவனம் ஒரு பவுண்டுக்கு ஒன்று என்று ஊர் மன்றங்களுக்குக் கொடுத்தது. சில இன்று குட்டி நூலகங்கள்! சிலவற்றில் திடீரென இதயம் நின்றவரைக் காப்பாற்றும் கருவி இருக்கிறது.

ஆனால் பள்ளிக்கூடமும் பெரிய சாலையும் இந்த மன்றத்தின் பொறுப்பல்ல. புதிய வீடு கட்ட அனுமதி தரும் அதிகாரமும் இல்லை. கருத்து மட்டும் சொல்லலாம். முடிவு செய்வது மேலே உள்ள பெரிய மன்றம்.

பணம் எங்கிருந்து?

மன்றம் ஆண்டுதோறும் தன் தேவையைக் கணக்கிட்டு ஒரு தொகையைக் கேட்கும். பெரிய மன்றம் தன் வரியோடு சேர்த்து அதை வசூலித்துக் கொடுக்கும். ஒரு கணக்குப் போடுவோமா? ஓர் ஊரில் 400 வீடுகள், வீட்டுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 பவுண்டு. (உண்மையில் வீட்டின் மதிப்புக்கேற்ப வரி மாறும்.) இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

இப்போது என்ன மாறுகிறது?

2023 ஏப்ரலில் சாமர்செட் பகுதியில் மாவட்ட அளவிலான பெரிய மன்றமும், அதன் கீழிருந்த 4 மன்றங்களும் ஒன்றாக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் புதிய மன்றம் நிதி நெருக்கடியை அறிவித்தது. பூங்கா, பொதுக் கழிப்பறை போன்றவற்றை ஏற்று நடத்துமாறு நகர, ஊர் மன்றங்களைக் கேட்டுக்கொண்டது. இரண்டு அடுக்கு மன்றங்கள் உள்ள மற்றப் பகுதிகளிலும் இப்படி இணைக்கும் திட்டத்தை 2024 டிசம்பரில் அரசு வெளியிட்டது. பெரிய மன்றம் இன்னும் பெரிதாகித் தூரமாகப் போகும்போது, மக்களுக்கு அருகில் இருப்பது ஊர் மன்றம்தான்.

இது நல்லதா? ஊரை அறிந்தவர் ஊரைக் கவனிப்பது நல்லதுதான். ஆனால் வேலை வந்தால் செலவும் வரும். நம் கணக்கிலுள்ள ஊர், 4,000 பவுண்டு செலவாகும் கழிப்பறையை ஏற்றால் வீட்டுக்கு 10 பவுண்டு கூடும். அதைக் கட்ட முடியாத வீடுகளும் இருக்குமே!

இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஊர்களில் போட்டியிட ஆள் வருவதில்லை. இடங்களைவிட வேட்பாளர்கள் கூடுதலாக இல்லாவிட்டால் வாக்குப்பதிவே கிடையாது. மீதமுள்ள இடங்களுக்கு மன்றமே ஆள் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியானால், வரிப்பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது யார்?

திறந்திருக்கும் கதவு

அதற்கும் வழி இருக்கிறது. கூட்டத்துக்கு முழுதாக 3 நாட்கள் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் உள்ளே வந்து கவனிக்க 1960-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. அதைக் கொண்டுவந்தவர் அப்போது புதிய உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர். பின்னாளில் பிரதமரானாரே, அவர்தான்! மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையே ஊர் வாக்காளர்கள் அனைவரும் கலந்துகொண்டு பேசும் கூட்டமும் ஆண்டுக்கொரு முறை நடக்கும்.

ஹேண்ட்ஃபோர்த்தில் தலைவரும் அதிகாரியும் அதிகாரத்துக்காக மோதினார்கள். ஆனால் செலவாவது ஊரார் பணம். வேலை கூடும் மன்றத்தை ஊரார் நேரில் போய்க் கவனித்தால்தான் அந்தப் பணம் பத்திரமாக இருக்கும்.

மாணவர்களே, நம் கணக்கிலுள்ள ஊரிடம் ஒரு வேலைக்கு மட்டுமே பணம் இருக்கிறது. தெருவிளக்கா, விளையாட்டுத் திடலா, கழிப்பறையா? வீட்டில் பெரியவர்களோடு பேசி, காரணத்துடன் உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள்.