உலகச் சந்தைப் போட்டியும் குன்னத்தூர்க் குடியானவரும்

ஒரு தேசத்துச் சரக்கு மற்றொரு தேசத்துச் சரக்கை உலகச் சந்தையில் எவ்வாறு வெல்கிறது என்னும் கேள்வி, பல்கலைக்கழகங்களில் தனியொரு ஆராய்ச்சித் துறையாக வளர்ந்திருக்கிறது. இவ்வாராய்ச்சி ஏற்றுமதி வியாபாரிகளுக்கும் ஆலை முதலாளிகளுக்குமே உரியதென்றும், ஏரும் கிணறுமாக வாழும் விவசாயிக்கு இதில் சம்பந்தமொன்றும் இல்லையென்றும் பொதுவாக எண்ணப்படுகிறது. இவ்வெண்ணம் சரியானதன்று. இத்துறையில் இந்தியாவைப் பற்றி எழுந்த சிறந்த நூல்களிலும் கட்டுரைகளிலும் சில, குன்னத்தூர்ப் பக்கத்து ஆண்களும் பெண்களும் அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்பும் திருப்பூரைப் பற்றியவை. அவற்றைக் கவனித்துப் படிப்போருக்கு, அந்நகரத்தின் போட்டி வலிமைக்கு வித்திட்டவை சுற்றுவட்டாரக் கிராமங்களே என்பதும், அவ்வலிமைக்குரிய செலவில் பெரும் பங்கைச் சுமந்தவையும் அக்கிராமங்களே என்பதும் விளங்கும். வரவையும் செலவையும் ஒருங்கே அறிந்தாலன்றி விவசாயி தன் நிலையை நிர்ணயித்துக்கொள்ள இயலாது.

பூமியும் தொழிலும்

குன்னத்தூர் முன்பு ஈரோடு ஜில்லாவின் பெருந்துறைத் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. 2009-ஆம் வருஷத்தில் திருப்பூர் ஜில்லா அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டு, தற்போது ஊத்துக்குளித் தாலுகாவில் அடங்கியுள்ளது. ஊத்துக்குளி வெண்ணெய்க்கும், சற்றே தெற்கிலுள்ள காங்கயம் மாட்டுக்கும் கொறங்காட்டு மேய்ச்சலுக்கும் பேர்போனவை. மழை குறைந்த இப்பிரதேசத்தில் தோட்டக்கால் விவசாயம் கிணற்றை நம்பியே நடந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி, கவலை இறைத்துப் பாய்ச்சிய கோயமுத்தூர் ஜில்லாத் தோட்டங்களில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதன் பஞ்சை அரைக்கும் ஜின்னிங் பாக்டரிகளும், பிறகு நூல் ஆலைகளும், பனியன் பின்னும் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின. 1970-களின் இறுதிவரை உள்நாட்டுக்குப் பனியன் பின்னிய திருப்பூர், அதன்பின் வெளிநாட்டுச் சந்தையில் புகுந்தது. 2024-25-ஆம் நிதியாண்டில் அதன் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை நெருங்கியது. இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாது என்று அறியவே ஆராய்ச்சியாளர் இங்கு வந்தனர்.

ஆராய்ச்சியாளர் கண்டவை

ஒரே தொழிலைச் செய்யும் பலர் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தால் அத்தொழிலின் நுட்பங்கள் அவ்வூர்க் காற்றிலேயே கலந்துவிடுகின்றன என்ற கருத்தை, இங்கிலாந்துப் பொருளாதார நிபுணர் ஆல்பிரெட் மார்ஷல் 1890-இல் வெளியிட்டார். சரியாக நூறு வருஷங்களுக்குப் பின், 1990-இல், அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் பத்துத் தேசங்களின் தொழில்களை ஆராய்ந்து, தேசங்களின் போட்டி வலிமை பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். மலிவான கூலியும் மூலப்பொருளும் மட்டும் நிலையான வெற்றியைத் தரமாட்டா. வாங்குவோரின் கண்டிப்பு, துணைத்தொழில்களின் அண்மை, உள்ளூர்ப் போட்டி ஆகியவையும் கூடியிருக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

திருப்பூரில் இவை கூடியிருப்பதைப் பலர் கண்டனர். பமேலா காத்தோர்ன் என்னும் அம்மையார் இவ்வூரை ஆராய்ந்து, ஒரு முதலாளி தன் கம்பெனியைப் பெரிதாக்குவதற்குப் பதில் சிறு சிறு கம்பெனிகளாகப் பிரித்துப் பெருக்குவதைக் கண்டு, அதனை அமீபா என்னும் நுண்ணுயிர் பிளந்து பெருகுவதற்கு ஒப்பிட்டார். பின்னல், சலவை, சாயம், வெட்டு, தையல், இஸ்திரி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் கைகளில் நடந்தும், முடிவில் ஒரே சரக்காகக் கப்பலேறுகிறது.

சரத் சாரி என்னும் ஆசிரியர் 2004-இல் வெளியிட்ட நூல், கொங்குக் கிராமங்களுக்கு இன்னும் நெருங்கிய விஷயத்தைச் சொல்கிறது. கம்பெனி முதலாளிகள் பலர் சிறு விவசாயக் குடும்பங்களிற் பிறந்து, முதலில் தொழிலாளராய் வேலை செய்து, பிறகு கூட்டாளிகளாகச் சேர்ந்து முதலாளிகளானவர்கள். தம் உயர்வுக்கு மூலதனம் எதுவென்று கேட்டபோது அவர்கள் சொன்ன விடை உழைப்பு என்பதே. காட்டில் கற்ற உழைப்பும், ஆளை வைத்து வேலை வாங்கும் பழக்கமும், உறவினரிடை நிலவிய நம்பிக்கையும் கம்பெனிக்குள் இடம் மாறின என்று அவர் விளக்குகிறார்.

அதே 2004-இல் அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி ஆகிய இருவரும் திருப்பூர்க் கம்பெனிகளின் முதலீட்டைக் கணக்கெடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவருள் பானர்ஜி 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தார் தம் விவசாயச் செல்வத்தையும் உறவினர் பணத்தையும் கொண்டு பெரிய முதலுடன் தொடங்கினர். வெளியூரார் குறைந்த முதலுடன் தொடங்கியபோதிலும், சில வருஷங்களில் ஏற்றுமதியில் உள்ளூராரை மிஞ்சினர். ஆகவே பணம் திறமையுள்ள இடத்தை நாடிச் செல்லாமல் உறவுள்ள இடத்தையே நாடிச் சென்றது என்பது அவர்கள் முடிவு. விவசாயி இதில் கவனிக்கவேண்டியது மற்றொன்றுண்டு. நிலத்தில் விளைந்த பணம் திருப்பூருக்குச் சென்றதற்கு ஒரு காரணம், கிராமத்தில் அதனை முதலீடு செய்யத் தக்க வழி வேறில்லாமற் போனமையே. நகரத்தின் மூலதனம் தழைத்ததும் கிராமத்தின் மூலதனம் வற்றியதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

கணக்கில் விடுபட்டவை

இத்தகைய ஆராய்ச்சிகளால் அறிவு வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், போட்டி வலிமையை ஏற்றுமதித் தொகையால் மட்டும் அளப்போர் கணக்கில் மூன்று செலவுகள் விடுபடுகின்றன.

முதலாவது, நீர். துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. துணி கழுவிய நீர் அவ்வுப்புடன் பல்லாண்டுகள் நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, 1990-களில் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணைக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கவேண்டிய ஆயக்கட்டுதாரர்கள், அத்தண்ணீர் வேண்டாமென்று நியாயஸ்தலத்துக்குச் சென்றனர். இதைவிட விபரீதம் விவசாய சரித்திரத்தில் அரிது. 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதனை நிறைவேற்றாமையால் 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை கட்டாயமாக்கப்பட்டது. இதன் செலவு பெரிது. இன்று வெளிநாட்டு வியாபாரிகள் சிலர் திருப்பூரை நாடுவதற்கு இம்முறையையே காரணமாகச் சொல்கின்றனர். ஆயக்கட்டுதாரர்கள் வழக்குத் தொடுத்திராவிடில், இந்தப் பெருமை கிடைத்திருக்குமா என்பது யோசிக்கத் தக்கது.

இரண்டாவது, ஆட்கள். ஜூடித் ஹேயர் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1981-82 முதல் பல முறை வந்து கொங்குக் கிராமங்களை ஆராய்ந்தார். கெர்ட் டி நேவ், கிரேஸ் கார்ஸ்வெல் ஆகியோர் பிற்காலத்தில் இரண்டு கிராமங்களை ஒப்பிட்டனர். திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவர வசதியுள்ள கிராமத்தில், தலித் மக்கள் நிலச்சுவான்தார்களின் பிடியிலிருந்து விலகிச் சுயமரியாதையுடன் வாழ வழி பிறந்தது. விசைத்தறி மிகுந்த கிராமத்தில், முன்பணக் கடன் அவர்களைப் பிணைத்தே வைத்திருந்தது. பண்ணையத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருந்தும் பட்டக்காரர் இவ்வுண்மையைப் பொறுமையுடன் நோக்கவேண்டும். ஆள் போனதற்குக் காரணம் கம்பெனிக் கூலி மட்டுமன்று. காட்டு வேலையில் கூலியும் மரியாதையும் குறைந்திருந்ததும் காரணமே.

மூன்றாவது, பருத்தி. உலகுக்கெல்லாம் பனியன் பின்னும் இப்பிரதேசத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பருத்திச் சாகுபடி பெரிதும் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டு ஆலைகள் குஜராத், மகாராஷ்டிரம், தெலுங்கானா முதலிய இடங்களிலிருந்தும் அந்நிய தேசங்களிலிருந்தும் பஞ்சு தருவிக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரையில் வரி விதித்தபோது, ஏற்றுமதியாளர்களின் கஷ்டத்தை முன்னிட்டு, அந்நியப் பஞ்சின் மீது 2021 முதல் இருந்துவந்த 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய சர்க்கார் அவ்வருஷ இறுதி வரையில் நிறுத்திவைத்தது. ஆலைகள் இதனை வரவேற்றன. பருத்தி விளைப்போர் விலை விழுமென்று எதிர்த்தனர். மகள் தையல் மிஷினிலும் தகப்பன் காட்டிலும் பாடுபடும் ஒரே குடும்பத்தில் இவ்வுத்தரவு ஒருவருக்கு அனுகூலமாகவும் மற்றவருக்குப் பாதகமாகவும் அமைந்தது. போட்டி என்பது தேசத்துக்கும் தேசத்துக்கும் இடையே மட்டும் நிகழ்வதன்று. அது ஒரு வீட்டின் திண்ணைக்கும் களத்துமேட்டுக்கும் இடையிலும் நிகழ்கிறது.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து திருப்பூரைப் பழிப்பதோ, அதனைக் கண்ணை மூடிப் புகழ்வதோ விவசாயிக்குப் பயன் தராது. அந்நகரம் எந்த முறையால் வென்றதோ, அம்முறையைக் காட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதே விவேகம்.

1. சிறியோர் பலர் வேலையைப் பகிர்ந்து ஒரே தரத்தில் சரக்குக் கொடுத்தது திருப்பூரின் முதல் இரகசியம். இரண்டு ஏக்கர் உடையவர் தனித்து நின்று ஆலையுடன் பேரம் பேச இயலாது. உற்பத்தியாளர் கம்பெனி அமைக்க 2002-ஆம் வருஷச் சட்டத் திருத்தம் இடமளித்துள்ளது. ஒரு கிராமத்தார் ஒரே ரகத்தை ஒரே பட்டத்தில் விதைத்து, ஒன்றாகச் சேர்த்து விற்பது நலம். கோயமுத்தூர் ஆராய்ச்சியின் பயனாக 1968-இல் வந்த எம்.சி.யூ. 5, 1974-இல் வந்த சுவின் ஆகிய நீண்ட இழைப் பருத்திகள், தரத்தில் இம்மண் யாருக்கும் இளைத்ததன்று என்பதை முன்பே காட்டியுள்ளன.

2. வாங்குவோரின் கண்டிப்பு இரண்டாவது இரகசியம். மட்டமான புளிச்சைப் பருத்தியைக் கம்போடியாவுடன் கலந்ததால் பெயர் கெட்டதைக் கண்டே, சென்னை ராஜதானியில் 1932-இல் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று கலப்பு வேறு வடிவில் நேர்கிறது. பிளாஸ்டிக் சாக்கின் இழையும், தலைமயிரும், சருகும் பஞ்சில் கலந்தால் சாயமிட்ட துணியில் அவை புள்ளியாகத் தெரிகின்றன. பனி உலர்ந்தபின் எடுப்பதும், துணிப் பைகளில் சேர்ப்பதும், முதல் எடுப்பையும் கடை எடுப்பையும் தனித்து வைப்பதும் பணச் செலவில்லாத காரியங்கள்.

3. நீரின் விலையைக் கணக்கில் வைக்கவேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், பவானியின் உபரி நீரை மூன்று ஜில்லாக்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவர அமைந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஜனங்கள் கேட்டுப் பெற்ற நீர் இது. நொய்யலுக்கு நேர்ந்த கதி இக்குளங்களுக்கு நேராதபடி காப்பது, அந்தந்த ஊராரின் பொறுப்பும் உரிமையுமாகும்.

4. ஆராய்ச்சி செய்வோரும் தம் கடமையை உணரவேண்டும். குடியானவரிடம் பல நாள் கேட்டறிந்த செய்திகள் ஆங்கில நூல்களாய் வெளிவந்து அயல்நாட்டு நூல்நிலையங்களில் தங்கிவிடுகின்றன. சொன்னவர் வீட்டுக்கு அவை திரும்புவதில்லை. கோயமுத்தூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஏனைய கலாசாலைகளும், இம்முடிவுகளை எளிய தமிழில் தொகுத்துக் கிராமச் சபைகளில் வாசிக்க ஏற்பாடு செய்தல் நன்று. ஒரு சரக்கின் போட்டி வலிமையைக் கணக்கிடும் ஒவ்வோர் ஆராய்ச்சியிலும், அதற்காகச் செலவான நீரையும் மண்ணையும் ஒரு தனிப் பத்தியில் எழுதவேண்டுமென்று விவசாயிகள் கோருவது நியாயமே.

மலிவாக விற்பவன் எல்லாம் வென்றவன் ஆகான். தன் கிணற்றை உப்பாக்கி, தன் வயலைத் தரிசாக்கிக் குறைத்த விலை, பிற்காலத்துப் பிள்ளைகள் வட்டியுடன் தீர்க்கவேண்டிய கடனேயாகும். குன்னத்தூர் விவசாயி தன் உழைப்பையும், பணத்தையும், மக்களையும் கொடுத்து ஒரு நகரத்தை உலகச் சந்தையில் நிறுத்தியிருக்கிறான். அந்த நகரத்தின் கணக்குப் புத்தகத்தில் தன் பெயர் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க அவனுக்கு முழு உரிமை உண்டு.