வீதி உயர்ந்தது, வாசற்படி நீண்டது



நம் மஹல்லாக்களின் பழைய தெருக்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்ட வீடுகளைச் சற்றே கவனித்துப் பாருங்கள். கட்டிய நாளில் மூன்று படி ஏறித் திண்ணையை அடைய வேண்டியிருந்த வீடு இன்று தெருவுக்குச் சமமாக நிற்கிறது. சில வீடுகளுக்குள் ஒரு படி இறங்கியே நுழைய வேண்டியிருக்கிறது. வீடு புதைந்துவிடவில்லை, தெருதான் உயர்ந்துவிட்டது.

தெரு எப்படி உயரும் என்று வியப்போர் உண்டு. பழுதடைந்த சாலையைப் புதுப்பிக்கும்போது, பழைய தார்ப் படலத்தைச் சுரண்டி அப்புறப்படுத்திவிட்டுப் புதிய படலத்தை இடுவதே முறை. அப்படிச் செய்யாமல், குழிகளை நிரப்பி அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி உருளையை ஓட்டிவிட்டால் வேலை விரைவில் முடியும். ஒருமுறை இப்படிச் செய்தால் இரண்டு மூன்று அங்குலம் உயரும். ஐந்தாறு முறை செய்தால் ஓர் அடியைத் தாண்டிவிடும். இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும், சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார். அந்த அறிவுறுத்தல் உங்கள் தெருவரை வந்து சேர்ந்ததா என்பதை உங்கள் வாசற்படியே சொல்லிவிடும்.

சாலை உயர்ந்தபின் முதல் மழையில் தண்ணீர் நடுக்கூடத்திற்கு வருகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? வாசலில் ஒரு தடுப்பு எழுப்புகிறார். தடுப்பைத் தாண்டி இருசக்கர வண்டியை ஏற்றவேண்டுமே, அதற்காகத் தெருப்பக்கம் சிமெண்டில் ஒரு சாய்தளம் போடுகிறார். அது மழைநீர் வடிகாலின் மேல் அமர்கிறது. மூடப்பட்ட வடிகாலைத் தூர்வார வருகிற துப்புரவுப் பணியாளர், திறக்க வழியின்றி அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுகிறார். அடுத்த வீட்டிலும் சாய்தளம் இருக்கிறது. அடைபட்ட வடிகாலின் நீர் மறு மழையில் சாலையில் தேங்குகிறது, தேங்கிய நீர் தாரை அரிக்கிறது, பள்ளம் விழுகிறது. ‘சாலை சரியில்லை’ என்று மனு எழுதுகிறோம். ஒப்பந்தக்காரர் வந்து, பழையதைச் சுரண்டாமலேயே மீண்டும் ஒரு படலம் போட்டுவிட்டுப் போகிறார். தெரு இன்னும் இரண்டு அங்குலம் உயர்கிறது. வீட்டுக்காரர் சாய்தளத்தை இன்னும் ஓர் அடி நீட்டுகிறார்.

இதில் குற்றவாளி யார்? நகராட்சி என்றால் பாதி உண்மை. வீட்டுக்காரர் என்றால் மீதிப் பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபதடித் தெரு ஒன்றில் இருபுறமும் மும்மூன்று அடி சாய்தளம் வந்துவிட்டால் மிஞ்சுவது பதினான்கு அடி. ஒரு பக்கம் இருசக்கர வண்டிகளைக் குறுக்காக நிறுத்தினால் அவை ஆறடியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சுகிற எட்டடியில்தான் பள்ளிக்கூட வேன் வரவேண்டும், தண்ணீர் லாரி வரவேண்டும், மக்தபுக்கு ஓதப்போகும் பிள்ளைகள் நடக்கவேண்டும். நள்ளிரவில் நெஞ்சுவலி கண்ட ஒருவரை ஏற்றிச்செல்ல ஆம்புலன்ஸ் வந்தால், ஏறத்தாழ ஆறரை அடி அகலமுள்ள அந்த வண்டி, ஒரே ஒரு ஸ்கூட்டர் சற்றுக் கோணலாக நின்றாலும் தெருமுனையிலேயே நின்றுவிடும். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடுகிற காட்சி நம்மில் பலருக்குப் புதிதன்று. ஜனாஸாவின் நிலையும் அதுதான். நான்கு பேர் தோள்கொடுத்துச் சீராகச் சுமந்து செல்லவேண்டிய சந்தூக்கை, வண்டிகளுக்கும் படிகளுக்கும் இடையே சாய்த்தும் உயர்த்தியும் கொண்டுபோகிறார்கள். இதைப் பார்த்துப் பழகிவிட்டதால் நமக்கு வலிப்பதில்லை.

ஓரம் இல்லாத தெருவில் நடப்பவர் நடுத்தெருவுக்குத்தான் வருவார். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் எந்த வாகனத்திலும் ஏறாமல், நடந்து சென்றவர்கள். தடையின்றி நடப்பதற்கான நடைபாதை, அரசியலமைப்பின் 21ஆம் விதி தரும் வாழும் உரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியிருக்கிறது.

நீதிமன்றம் இன்று சொல்வதை நம் கிதாபுகள் என்றோ பேசிவிட்டன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்னும் நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. ஆனால் அந்த நபிமொழியைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு முள், ஒரு கல், ஒரு வாழைப்பழத் தோல். அவற்றை அகற்றுவது எளிது. நாமே சிமெண்டு குழைத்துக் கட்டியதை அந்தப் பட்டியலில் சேர்க்க மனம் வருவதில்லை. பாதையின் அகலம் குறித்துப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தியும் ஹதீஸ் கிரந்தங்களில் இருக்கிறது. வீட்டுமனைத் தகராறுகளில் எல்லைக் கல்லைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடும் நாம் இந்த ஏழு முழத்தைப் பற்றிப் பேசிக் கேட்டதுண்டா?

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதிய ‘மின்ஹாஜுத் தாலிபீன்’, ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் சட்ட நூல்களுள் ஒன்று. அதில் தெருவைப் பற்றி வரும் பகுதியைப் படித்தால், ஆசிரியர் நம் தெருவில் குடியிருந்து எழுதினாரோ என்று தோன்றும். பொதுவழியில் நடப்போருக்குத் தீங்கு தரும் எதையும் செய்யலாகாது. மாடத்தை வெளியே நீட்டினால் அதன் கீழ் ஆள் நிமிர்ந்து செல்லும் உயரம் வேண்டும். ஒட்டகக் கூட்டம் போகும் வழியானால் ஒட்டகத்தின் மேலுள்ள பல்லக்கு இடிபடாத உயரம் வேண்டும் என்கிறது அது. பொதுவழியில் திண்ணை கட்டுவது ஹராம் என்பதே அதில் முன்வைக்கப்படும் தீர்ப்பு. தீங்கில்லையேல் கூடும் என்பது இரண்டாவதாகக் குறிக்கப்படும் கருத்து. முட்டுச்சந்தாக இருந்தாலோ, அங்கு குடியிருக்கும் மற்றவர்களின் சம்மதமின்றி ஒருவர் தம் மாடத்தைச் சந்துக்குள் நீட்டக்கூடாது. தெருவோர வியாபாரியைக் கண்டதும் ‘ஆக்கிரமிப்பு’ என்று முகம் சுளிக்கிறோம். தள்ளுவண்டி மாலையில் நகர்ந்துவிடும். நம் சாய்தளம் நகர்வதில்லை.

நிற்க. நகராட்சியின் பொறுப்பை நாம் மறந்துவிடவில்லை. யூப்ரடீஸ் நதிக்கரையில் ஒரு பிராணி இடறினாலும் தம்மிடம் கேள்வி வருமென்று ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரும் செய்தியை மேடைதோறும் சொல்லி, ஆட்சியாளர்களை நோக்கி விரல் நீட்டுகிறோம். நீட்டத்தான் வேண்டும். ஆனால் தேநீர்க் கடையிலிருந்து நீட்டும் விரல் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை.

பதிவாகும் இடம் ஒன்று இருக்கிறது. நகராட்சி, மாநகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடமளித்த 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மக்கள் நேரில் வந்து பேசும் கிராம சபையைப் போல நகரங்களிலும் ஓர் அவை வேண்டும் என்னும் கோரிக்கைக்கு விடையாக, வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் வந்தன. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி தினத்தன்று பல நகரங்களில் பகுதி சபைகள் கூடின. வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அப்பகுதியின் வாக்காளர்கள் வந்து தெருவிளக்கு, குடிநீர், வடிகால், சாலை ஆகியவற்றைப் பற்றித் தம் கவுன்சிலர் முன்னிலையில் பேசும் ஏற்பாடு இது. இது சரிவர நடக்காத வார்டுகளும் உண்டு. கேட்பார் இல்லாத இடத்தில் எதுதான் ஒழுங்காக நடக்கும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு நிமிடம் ஒதுக்கி, கூட்டத்தின் நாளை அறிவிக்கும் ஜமாஅத் நம்மிடையே எத்தனை?

அந்தச் சபைக்குச் செல்வோர் ‘எங்கள் தெரு நாறுகிறது’ என்று பொதுப்படப் பேசிவிட்டு வந்தால் பயனில்லை. இளைஞர்கள் இருவர் ஒரு ஞாயிறு காலையில் அளவு நாடாவோடு தெருவை அளக்கட்டும். மனைப் பத்திரத்தில் கண்ட தெருவின் அகலம் எவ்வளவு, இன்றிருப்பது எவ்வளவு, வடிகால் மூடி எந்த வீட்டருகே உடைந்திருக்கிறது, எரியாத விளக்கின் கம்ப எண் என்ன என்று எழுதிக்கொள்ளட்டும். சாலை போடும் அறிவிப்பு வந்தால், பழைய படலத்தைச் சுரண்டுவது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வேலை தொடங்குமுன் கேட்கவேண்டும். தார் கொட்டியபின் கேட்டால் அடுத்த முறைதான். விடை கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பட்டியலில் நம் சாய்தளங்களின் அளவும் இடம்பெறட்டும். அதை மறைத்துவிட்டுப் பேசுகிறவரை அதிகாரி ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார். சாலையைத் தாழ்த்திக் கொடுங்கள், நாங்கள் படியைச் சுருக்கிக்கொள்கிறோம் என்று ஒரு தெரு ஒருமித்துச் சொன்னால், அதற்கு மறுமொழி சொல்வது அவருக்குக் கடினம்.

படியைச் சுருக்குவதில் முதல் அடி பள்ளிவாசலுடையதாக இருப்பது நலம். நுழைவாயிலின் படிகளும், காலணி வைக்கும் மேடையும் தெருவுக்குள் வந்துவிட்ட பள்ளிகள் உண்டு. முத்தவல்லியும் நிர்வாகிகளும் முதலில் அதை அளக்கட்டும். ஜும்ஆ நேரத்தில் வண்டிகளைத் தெருவின் ஒரே ஓரத்தில் வரிசையாக நிறுத்தச் செய்ய இரண்டு தொண்டர்கள் போதும். கல்யாணப் பந்தலுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்கள் நடந்து செல்லவென்றே வீடுகளுக்கிடையே சந்துகள் விட்டுக் கட்டிய மரபு நமக்கு உண்டு. தெருவை அதிகம் அறிந்தவர்கள் நீங்கள். எந்தத் திருப்பத்தில் விளக்கில்லை, எந்த மூடி ஆடுகிறது, எந்த நேரத்தில் வேன் வேகமாக வருகிறது என்பதெல்லாம் ஆண்களைவிட உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, 2022 பிப்ரவரித் தேர்தலில் நகர மன்றங்களுக்கும் அவ்வாறே பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆகவே உங்கள் வார்டின் கவுன்சிலர் ஒரு பெண்ணாகவே இருக்கக்கூடும். பகுதி சபைக்கு நீங்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சென்றால் கூச்சம் இராது. மஃரிப் வேளையில் கூட்டம் வைத்தால் வர இயலாது, முற்பகலில் வையுங்கள் என்று கவுன்சிலருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.