மேடையில் நின்று நோய் பார்ப்பவருக்கு

நிறைந்த அரங்கில் எழுந்து நின்று கேட்பதற்கு அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! தேனிக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டு படிக்கிறாள். பாடத்தில் மனம் நிற்கவில்லை, ஒரே பக்கத்தை நாலு தடவை வாசித்தாலும் ஏறவில்லை, இது ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைபாடாக இருக்குமோ என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை கல்லூரி விழாக்களில் தன்னம்பிக்கை பேசுகிறவர். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பதில் சொன்னார். அப்படி ஒரு நோயே கிடையாதாம். மாத்திரை விற்க அமெரிக்கக் கம்பெனிகள் கட்டிய கதையாம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சொகுசாம். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவளுக்குத் திடீரென்று எங்கிருந்து நோய் வந்தது என்று கேட்டார். செல்போனைத் தூக்கிப் போடு, நாலு மணிக்கு எழுந்து படி, எல்லாம் சரியாகும் என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. அவள் உட்கார்ந்தாள்.

இந்தப் பள்ளத்தாக்கில் கல்லூரி ஆசிரியராக இருக்கிற நான் அந்தக் கைதட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் சொன்னதில் பெரும்பாலானவை தவறு. சரியான ஒன்றிரண்டையும் தவறான இடத்தில் கொண்டுபோய் வைத்தார். கேட்டவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அன்று கைதட்டியவர்களில் இதே கேள்வியை நெஞ்சுக்குள் வைத்திருந்தவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். அவர்கள் இனி வாய் திறக்க மாட்டார்கள்.

முதலில் அமெரிக்கக் கம்பெனிக் கதை. அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஒன்றில் கவனத்தை நிறுத்த முடியாமல் தவிக்கிறவர்களைப் பற்றித் தன் நூலில் எழுதியது 1798-ல். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிடுவதற்கு ஓராண்டுக்கு முன்பு. அப்போது எந்த மாத்திரையும் இல்லை, விற்கக் கம்பெனியும் இல்லை. 1902-ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாமல் இருந்தும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி லண்டனில் மருத்துவர்கள் முன் தொடர் சொற்பொழிவே நிகழ்த்தினார். பேராசிரியர் குறை சொல்கிற மெதில்ஃபெனிடேட் என்ற மருந்து உருவானது 1944-ல், அதுவும் அமெரிக்காவில் அல்ல, சுவிட்சர்லாந்தில். 'ரிடலின்' என்ற பெயரில் கடைக்கு வந்தது 1954-ல். மருந்துக்காக நோயைக் கண்டுபிடித்தார்கள் என்றால், மருந்துக்கு 146 ஆண்டுகள் முன்பே நோயைப் பற்றி எழுதியவர் யாருக்காக எழுதினார்? மருந்துக் கம்பெனிகள் லாபத்துக்காக அலைகின்றன என்பது உண்மை. சர்க்கரை நோய் மாத்திரையிலும் அவை லாபம் பார்க்கின்றன. அதற்காகச் சர்க்கரை நோய் பொய்யாகிவிடாது.

அடுத்தது, பணக்கார வீட்டுச் சொகுசு. இதற்குப் பதில் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை, கோவை போதும். அங்கே நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2013-ல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. நூற்றில் 11 பேருக்கு மேல் இந்தக் குறைபாட்டின் அறிகுறிகள் தெரிந்தன. நான்கே பள்ளிகள் என்பதால் அந்த எண்ணை நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். உலக அளவில் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம், பெரியவர்களில் இரண்டரை சதவீதத்தை ஒட்டி என்பதுதான் பொதுவான கணக்கு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: நடுத்தர வீட்டுப் பிள்ளைகளில் 6.84 சதவீதம், ஏழை வீட்டுப் பிள்ளைகளில் 16.33 சதவீதம். பேராசிரியர் சொன்னதற்கு நேர் எதிர். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இருந்தால் பெற்றோர் மதுரைக்கோ சென்னைக்கோ கூட்டிப் போய் என்னவென்று தெரிந்துகொள்கிறார்கள். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்கு இருந்தால் அதற்குப் பெயர் 'மக்கு', 'விளங்காதது', 'தோட்டத்துக்குத்தான் லாயக்கு'. பத்தாவதோடு படிப்பு நின்றுவிடும். நோய் இரண்டு வீட்டிலும் உண்டு. டாக்டர் சீட்டு ஒரு வீட்டில்தான் உண்டு.

மூன்று மணி நேரம் செல்போனில் உட்கார முடிகிறதே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டபோதுதான் கைதட்டல் அதிகம். நியாயமான கேள்விபோலத் தெரியும். இந்தக் குறைபாட்டைப் பற்றி ஒரு பக்கம் வாசித்திருந்தாலும் அவர் இதைக் கேட்டிருக்க மாட்டார். இதில் கவனம் வற்றிப்போவதில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வைத்து, வேண்டாத இடத்திலிருந்து எடுக்கிற பிடிதான் தளர்ந்திருக்கிறது. விளையாட்டும் ரீல்ஸும் நொடிக்கு நொடி பலன் தருகின்றன. செமஸ்டர் பாடத்தின் பலன் ஐந்து மாதம் கழித்து வரும். தூரத்தில் இருக்கிற பலனுக்காக இப்போது சலிப்பைப் பொறுத்துக்கொள்கிற வேலைதான் இவர்களுக்குக் கடினம். பிடித்த ஒன்றில் சோறு தண்ணீர் மறந்து மூழ்குவதும், பிடிக்காத ஒன்றில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாததும் ஒரே ஆளிடம் இருக்கும். அதனால் பேராசிரியர் மறுப்பாகக் காட்டியது, மருத்துவர் மேலும் நாலு கேள்வி கேட்க வேண்டிய தடயம்.

அரங்கத்தில் கேள்வி கேட்ட பெண் என் வகுப்பில் இல்லை. ஆனால் அவளைப் போன்ற ஒரு மாணவியை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் முதல் மூன்று சோதனைகள் அச்சடித்த மாதிரி இருக்கும், ஸ்கேல் வைத்துக் கோடு, பச்சை மையில் தலைப்பு. நாலாவதில் படம் பாதி. ஐந்தாவதும் ஆறாவதும் வெற்றுப் பக்கம். ஏழாவது பாதியிலிருந்து தொடங்கும். பஸ் பாஸை அடிக்கடி தொலைப்பாள். கட்டண ரசீதைப் பையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவாள். வகுப்பில் கண் கரும்பலகையில் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுவாள். தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்துப் படிப்பாள். விடைத்தாளில் இரண்டாம் பக்கக் கேள்வியைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். மூன்று அரியர். ஒரு நாள் என் முன்னால் அழுதுகொண்டே, 'படிக்கணும்னுதான் சார் உக்காருறேன், மனசு நிக்க மாட்டேங்குது' என்றாள். சோம்பேறி இப்படி அழ மாட்டான். சோம்பேறிக்குப் படிக்காமல் இருப்பது நிம்மதி. இவளுக்கு ஒவ்வொரு மாலையும் தோல்வி.

அவளைப் போன்றவர்கள் பிளஸ் டூ வரை எப்படி வந்தார்கள் என்று கேட்பவர், நம்மூர்ப் பிளஸ் டூ எப்படி நடக்கிறது என்பதை மறந்துவிட்டார். விடியற்காலை எழுப்ப அம்மா. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி, தினமும் டெஸ்ட், தவறினால் அன்றே விசாரணை. பிள்ளையின் கவனத்தை ஊரே சேர்ந்து கையில் பிடித்துக்கொண்டிருக்கும். கல்லூரியில் அந்தக் கைகள் ஒரே நாளில் விலகுகின்றன. எப்போது படிப்பது, எதை முதலில் எடுப்பது, அசைன்மென்ட் என்றைக்கு என்பதையெல்லாம் தானே திட்டமிட வேண்டும். புத்திசாலிப் பிள்ளைகளிடம் அதுவரை மறைந்திருந்த குறைபாடு அப்போதுதான் வெளியே தெரியும். மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் டிஎஸ்எம்-5 கையேடு, 2013-ல் வந்தது, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. அந்த வயதிலேயே ஃபெயில் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிற பையனை டீச்சர் கவனிப்பார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சத்தமில்லாமல் கரைந்துபோகிற பெண்ணை 'அமைதியான பிள்ளை' என்று பாராட்டிவிட்டுப் போவார்.

உழைப்பு, உழைப்பு என்று அவர் மேசையைத் தட்டினார். அணை கட்டிய பென்னிகுயிக்கின் விடாமுயற்சியையும் இழுத்தார். இந்த மண்ணில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் பேசுகிறேன். 1876-78 பஞ்சத்தில் வைகைப் படுகையின் விவசாயி சோம்பேறியாக இருந்ததால் காயவில்லை. தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் ஓடியது. அதைப் புரிந்துகொண்டதால்தான் அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் நீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். காய்ந்த வயலில் நின்றவனிடம் இன்னும் ஆழமாக உழு என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பென்னிகுயிக்கின் பெயரைச் சொல்கிறவர், ஏன் தண்ணீர் வரவில்லை என்றாவது கேட்டிருக்க வேண்டும்.

இதைச் சலுகைக்கான சாக்கு என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எந்தச் சலுகை? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வரிசைப்படுத்துகிற 21 வகைகளில் கற்றல் குறைபாட்டின் பெயர் இருக்கிறது, ஏடிஹெச்டியின் பெயர் இல்லை. இந்தப் பெயரைச் சொன்னால் இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது 'மெண்டல்' என்கிற பட்டமும், கல்யாணப் பேச்சில் தடங்கலும்தான். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு பெண் எழுந்து கேட்கிறாள் என்றால், அவளைச் சாக்கு சொல்கிறவள் என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?

மாத்திரை என்றால் போதை என்று பயம் காட்டினார். மெதில்ஃபெனிடேட், 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, உண்மை. தூக்கம் வரவில்லை என்று போனால் எழுதித் தருகிற அல்பிரசோலமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. புற்றுநோயாளியின் வலிக்குத் தருகிற மார்ஃபினும் அதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது. சட்டம் கேட்பது, மருத்துவர் சீட்டு இல்லாமல், கண்காணிப்பு இல்லாமல் தராதே என்பதை. தரவே தராதே என்று அது சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் இல்லாத அடோமாக்செட்டின் என்ற மருந்தும் உண்டு. 133 மருந்துச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. குறுகிய காலத்தில் இந்த மருந்துகள் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கின்றன என்று அது காட்டியது. பசி குறையும், தூக்கம் கெடலாம், நாடித்துடிப்பு கூடலாம். அதனால்தான் எடையும் ரத்த அழுத்தமும் பார்த்துத் தருகிறார்கள். எல்லோருக்கும் மாத்திரை என்பதும் இல்லை. வேலையைச் சிறு துண்டாக்குவது, எழுதி வைப்பது, நேரத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைப்பது எனப் பழக்கங்களைக் கற்றுத் தருவதும் சிகிச்சைதான்.

செல்போனும் தூக்கமும் கவனத்தைக் கெடுக்கும் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அவர் சொல்லாத காரணங்களும் உண்டு. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் உட்காருகிற பிள்ளைக்கும் மனம் நிற்காது. ரத்தசோகை உள்ளவளுக்கு நிற்காது; தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வே சொல்கிறது. தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், வீட்டில் குடிக்கிற அப்பா என்று எதுவும் காரணமாக இருக்கலாம். பத்துக் கேள்விக்கு 'ஆமாம்' போட்டுவிட்டுத் தனக்கு ஏடிஹெச்டிதான் என்று ரீல்ஸைப் பார்த்து முடிவு கட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதுவும் தவறுதான். ஆனால் அந்தப் பெண் முடிவு கட்டவில்லை. இருக்குமோ என்று கேட்டாள். இத்தனை காரணங்களில் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவர் இருக்கிறார். மேடையிலிருந்து பார்த்தே முடிவு கட்டியவர் பேராசிரியர். ரீல்ஸ் செய்கிற அதே தப்பை, சால்வை போட்டுக்கொண்டு செய்தார்.

மலைக்கு அந்தப் பக்கம், கோதமங்கலத்தில் 2024 மே மாதம் ஒரு நடிகர் பேசினார். 'மாமன்னன்' படத்தில் இங்கே எல்லோரையும் மிரட்டிய ஃபகத் ஃபாசில். தனக்கு ஏடிஹெச்டி இருப்பது 41 வயதில்தான் தெரிந்தது என்று, பிள்ளைகளுக்கான ஒரு நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் உழைக்காதவரா? வளர்ந்து, பெயர் எடுத்து, நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்றால், பத்தொன்பது வயதில் ஒருத்திக்குச் சந்தேகம் வருவது அவளுக்கு நல்லது. அந்த இருபது வருடத்தை அவளிடமிருந்து பிடுங்க எந்தச் சிறப்பு விருந்தினருக்கும் உரிமை கிடையாது.

கேட்ட பெண்ணுக்கும், கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அந்த மேடையிலிருந்து சொல்லியிருக்க வேண்டியது இது. க.விலக்கில் இருக்கிற அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேனியிலிருந்து மதுரை ரோட்டில் பஸ் உண்டு, ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். போகும்போது அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன் எப்படி இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்பார், அது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய ரேங்க் கார்டுகள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கைவிட, டீச்சர் கையால் எழுதிய குறிப்புகள் உதவும். ஒரு வாரம் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். சமீபத்தில் ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்தச் சீட்டும் கையில் இருக்கட்டும்.