பூட்டிய போன்

கடைக்குப் போய் ஒரு இரும்புப் பெட்டி வாங்குகிறோம். பெட்டி நம்முடையது, விலையும் நாம் கொடுத்ததுதான். ஆனால் சாவி மட்டும் கடைக்காரனிடமே இருக்கும், அவன் சம்மதித்தால்தான் அதில் வேறு சாமான் வைக்கலாம் என்றால், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டனார்கூட, "இது என்ன பைத்தியக்கார வியாபாரம்!" என்று சிரிப்பார். சுதந்திரத்தின் தாயகம் என்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் அமெரிக்கா தேசத்தில், இந்த வியாபாரந்தான் போன் விஷயத்தில் வெகுகாலமாக அமோகமாய் நடந்து வருகிறது.

கும்பகோணத்திலிருந்து ஒரு நேயர் இதைப் பற்றி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரி இரண்டு வருஷ மேல்படிப்புக்காக அமெரிக்கா செல்கிறாள். "அங்கே இறங்கியதும் ஒரு கம்பெனியில் கணக்கு வைத்துக்கொண்டால் ஸ்மார்ட்போன் இனாமாகவே கிடைக்கும் என்று அவளுடைய சிநேகிதிகள் சொல்லுகிறார்கள். படிப்புக்காக வாங்கிய கடனே கழுத்தளவு நிற்கிறது. இந்த நிலைமையில் இங்கேயே அறுபதினாயிரம், எழுபதினாயிரம் போட்டு வாங்கிக் கொடுப்பது வீண் செலவல்லவா?" என்று கேட்கிறார். கேள்வி ஒருவருடையதாயினும், கவலை இன்று நம்முடைய பல குடும்பங்களுக்கும் பொதுவானது. ஆகையால் சற்று விஸ்தாரமாகவே பதில் சொல்ல உத்தேசம்.

போனுக்குப் பூட்டு என்றால் என்ன? சிம் என்னும் சிறு வில்லையில் அதற்கு உரியவரைக் குறிக்கும் நீண்ட எண் ஒன்று பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் தேசத்தைக் குறிப்பவை. நம் நாட்டுக்கு 404, 405. அமெரிக்காவுக்கு 310 முதலியவை. அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் கம்பெனியைக் குறிப்பவை. பூட்டிய போனானது தன்னுள் வைக்கப்படும் சிம்மின் இந்த இலக்கங்களைப் படித்துப் பார்க்கிறது. தன்னை விற்ற கம்பெனியின் அடையாளம் காணப்படவில்லையென்றால், "உன்னை நான் அறியேன்" என்று கையை விரித்துவிடுகிறது. யந்திரத்தில் யாதொரு கோளாறும் இல்லை. அதற்கு இடப்பட்ட உத்தரவு அப்படி!

இந்த வழக்கம் பிரசித்தியானது 2007-ம் வருஷத்தில். அவ்வருஷம் ஜூன் 29-ந் தேதி ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. என்னும் ஒரே கம்பெனியின் மூலமாகத்தான் அதை உபயோகிக்க முடியும் என்று ஏற்பாடு. விலையோ 499 டாலரும் 599 டாலரும். அவ்வளவு கொடுத்தும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டு மாதம் ஆவதற்குள், ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டான். திறந்த போனைக் கொடுத்து ஒரு மோட்டார் காரே வாங்கிக்கொண்டான் என்றால், பூட்டில்லாத போனுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும், பாருங்கள்!

அப்புறம் சட்டம் வந்து குறுக்கே நின்றது. புஸ்தகம், சினிமா முதலியவற்றின் பதிப்புரிமையைக் காப்பதற்காக 1998-ல் அங்கே ஒரு சட்டம் செய்திருந்தார்கள். போனுக்குள் இருக்கும் கட்டளைத் தொகுதியும் ஒரு நூலைப் போன்றதே. ஆகவே அதன் பூட்டைத் திறப்பதும் குற்றமாகலாம் என்று வாதம் கிளம்பிற்று. இதற்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது தெரியுமா? அமெரிக்கக் காங்கிரஸ் புஸ்தகசாலையின் தலைவரிடம்! (காங்கிரஸ் என்றதும் நேயர்கள் மயங்க வேண்டாம், இது அந்த நாட்டுச் சட்டசபை.) 2006-லும் 2010-லும் விலக்குக் கொடுத்தவர்கள், 2012-ல் அதைப் புதுப்பிக்க மறுத்தார்கள். 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய போனைக் கம்பெனியின் அனுமதியின்றித் திறப்பது சட்டவிரோதம் என்றாயிற்று. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. லக்ஷத்துக்கு மேற்பட்டோர் ஜனாதிபதிக்கு விண்ணப்பம் செய்துகொண்டார்கள். அதன் பயனாக 2014 ஆகஸ்டு 1-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். திறப்பது குற்றமில்லை என்றாயிற்றே தவிர, பூட்டி விற்பதை யாரும் தடுக்கவில்லை.

மற்ற தேசங்களில் தைரியமாகவே செய்திருக்கிறார்கள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டி விற்கக் கூடாது, முன்பு விற்றதைத் திறப்பதற்குக் கூலியும் கேட்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஜப்பானும் பிரிட்டனும் 2021-ல் தடை செய்தன. பூட்டு இல்லாவிட்டால் மோசக்காரர்கள் தவணையில் போனை வாங்கிக் கடல் கடத்தி விற்றுவிடுவார்கள் என்று அமெரிக்கக் கம்பெனிகள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் மோசக்காரனைக் கண்டுபிடிக்கச் சில வாரம் போதாதா? ஒழுங்காகப் பணம் கட்டுகிறவனையும் மூன்று வருஷம் கட்டிவைப்பானேன்? வெரிஜான் என்ற கம்பெனிக்கு அரசாங்க அலைவரிசை ஏலத்தில் ஏற்பட்ட நிபந்தனையின்படி, 60 நாளுக்கு மேல் பூட்டக் கூடாது என்று 2019-ல் வரையறுத்தார்கள். அந்த நிபந்தனையிலிருந்தும் தன்னை விடுவிக்க வேண்டுமென்று அது 2025-ல் மனுப் போட்டது.

இனி "இனாம்" என்னும் மாயத்தைப் பார்ப்போம். கணக்குக்காகப் போனின் விலை 800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இதை 36 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 22 டாலர் 22 சென்டு. கம்பெனி மாதாமாதம் இந்தத் தொகையைப் பில்லில் எழுதி, அதே பில்லில் சலுகையென்று கழித்துவிடுகிறது. ஆகவே இனாம்! ஆனால் நடுவில் விலகினால் சலுகை நின்றுபோகும். பாக்கித் தொகை முழுவதும் உடனே கட்ட வேண்டும். அந்தப் பெண்ணின் படிப்போ இரண்டு வருஷம். தவணையோ மூன்று வருஷம். 24-வது மாதத்தில் ஊர் திரும்பினால் ஏறக்குறைய 267 டாலர் பாக்கி நிற்கும். அது தீரும் வரையில் போன் பூட்டியே இருக்கும்.

விஷயம் இத்துடன் நிற்கவில்லை. இனாம் போன் கொடுப்பவர்கள் அதனுடன் உயர்ந்த மாதச் சந்தாவையும் பிணைத்து விடுவார்கள். அது 65 டாலர் என்றும், சொந்தப் போன் வைத்திருப்பவர் ஒரு சிக்கனக் கம்பெனியில் 25 டாலரில் காலந்தள்ளலாம் என்றும் கொள்வோம். வித்தியாசம் மாதம் 40. இரண்டு வருஷத்தில் 960 டாலர். இனாமாக வந்த பொருளின் விலையே 800 தானே! மேலும், அங்கே புதிதாய் இறங்கும் மாணவருக்கு இந்தத் தவணை கிடைப்பதே துர்லபம். கடன் வாங்கி நாணயமாய்த் திருப்பிய சரித்திரம் அந்த நாட்டில் இருக்க வேண்டுமாம். மூன்று தலைமுறையாகக் கும்பகோணத்தில் ஒருவருக்கும் பாக்கி வைக்காத குடும்பம் என்பது அந்தக் கணக்கில் ஏறாது. முன்பணச் சந்தாவில் கிடைக்கும் மலிவுப் போன்களுக்கோ ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருஷம் பூட்டு உண்டு.

அங்கேயே குடியேறி, நாலைந்து பேருக்கு ஒரே கணக்கில் சந்தா கட்டி, கம்பெனியை மாற்றும் எண்ணமே இல்லாதவர்களுக்குப் பூட்டினால் பெரிய நஷ்டமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வட்டியில்லாத தவணை அவர்களுக்குச் சௌகரியமே.

நம் மாணவியின் நிலைமை வேறு. அவளுடைய வங்கிக் கணக்கு இந்தியாவில் இருக்கிறது. அதில் எதைச் செய்தாலும் ஓ.டி.பி. என்ற ரகசிய எண் அவளுடைய இந்திய நம்பருக்குத்தான் வந்து சேரும். பூட்டில்லாத போனில் இரண்டு சிம் வைக்கலாம். அமெரிக்க நம்பரில் பேசலாம், இந்திய நம்பரில் ஓ.டி.பி. பெறலாம். பூட்டிய போனில் இரண்டாவது இடம் இருந்தும் பயனில்லை. வேறு கம்பெனியின் சிம்முக்கு அங்கே பிரவேசம் கிடையாது. கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டிய கடைசி நாளன்று பெண் அங்கே தவிக்க, தகப்பனார் இங்கே வங்கி வாசலில் நிற்க, பணம் மட்டும் கணக்கிலேயே பத்திரமாக இருக்கும்!

இதில் நம் தேசத்தார் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்றுண்டு. 2025 மே மாதத்தில், அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்தவையாயிருக்கும் என்று ஆப்பிள் கம்பெனியின் டிம் குக் தெரிவித்தார். ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்மணிகளின் கையால் உருவாகிக் கப்பலேறும் போன், அங்கே பூட்டப்பட்டு, கோடை விடுமுறைக்குச் சென்னை வந்து இறங்கியதும், பிறந்த ஊரின் சிம்மையே ஏற்க மறுக்கிறது. நம் நாட்டுக் கடைகளிலோ பெரும்பாலும் பூட்டில்லாமலே விற்கிறார்கள். 2017-ல் 1,500 ரூபாய் டிபாசிட்டுக்குக் கொடுத்த ஜியோபோன் போன்ற சிலவே விலக்கு. அந்த டிபாசிட்டுக்கும் 36 மாதக் கெடு வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே நேயருக்கு நாம் சொல்லும் யோசனை: இங்கேயே வாங்கிக் கொடுங்கள். ஆனால் எழுபதினாயிரம் வேண்டியதில்லை. எந்தப் போனானாலும் அமெரிக்க அலைவரிசைகளில் வேலை செய்யுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 2022-ல் அங்கே பழைய 3ஜி முறையை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஏ.டி. அண்டு டி. கம்பெனியார் தங்கள் ஜாபிதாவில் இல்லாத போன்களைச் சேர்ப்பதில்லை. அங்கே விற்கும் ஐபோன்களில், 2022-ல் வந்த பதினான்காம் வகை முதல் சிம் வில்லையை நுழைக்க இடமே கிடையாது, இ-சிம் மட்டுந்தான். இங்கே விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டுக்கும் இடங்கொடுக்கும்.

உறவினர் யாராவது அமெரிக்காவிலிருந்து பழைய போனைப் பரிசாகக் கொண்டு வந்தால், "செட்டிங்ஸ்" என்பதில் "ஜெனரல்", அதில் "அபௌட்" என்று திறந்து பார்க்கவும். "கேரியர் லாக்" என்பதற்கு எதிரே "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்றிருந்தால் கவலையில்லை. வேறு விதமாக இருந்தால், கடைத்தெருவில் பூட்டுத் திறப்பவர்களிடம் பணத்தைக் கொட்டாமல், கொண்டு வந்தவரையே பாக்கியைத் தீர்த்து, விற்ற கம்பெனிக்கு எழுதித் திறக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமாய்த்தான் இருக்கும், என்ன செய்வது?

பிரயாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே இந்திய சிம்முக்கு வெளிநாட்டில் செல்லும்படியான ஏற்பாட்டைச் செய்து, அதைப் புதுப் போனில் போட்டு, வங்கியிலிருந்து ஒரு ஓ.டி.பி. வரவழைத்துப் பார்த்துவிடட்டும்.