ஆராய்ச்சி வகுப்பறையை அடையும் வழி

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்த ஓர் உண்மை வயலில் விளைச்சலாக மாறுவதற்கு எத்தனை கைகளைக் கடக்க வேண்டும் என்பதைக் கள ஊழியர்கள் நன்கு அறிவார்கள். புதிய விதையைப் பற்றிய துண்டுப் பிரசுரத்தைக் கிராமச் சாவடியில் ஒட்டிவிட்டு வந்தால், அதைப் படித்து எந்த விவசாயியும் விதையை மாற்றிவிடுவதில்லை. 1960-களின் நடுவில் குட்டை ரகக் கோதுமை நம் நாட்டில் பரவத் தொடங்கியபோது, விவசாயியின் சொந்த நிலத்திலேயே பயிரிட்டுக் காட்டிய செயல் விளக்கங்கள் அதற்குப் பெருந்துணையாக இருந்தன. பக்கத்து வயலில் கதிர் முற்றி நிற்பதைக் கண்ணால் கண்ட பின்னரே பலருக்குத் துணிவு பிறந்தது.

விவசாயத்தில் கற்ற இந்தப் பாடத்தைக் கல்வித் துறையில் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆராய்ச்சியாளர் ஒரு முறையைக் கண்டறிகிறார். அரசாங்கம் அதை ஏற்று ஆணை பிறப்பிக்கிறது. ஆணை மாநிலத் தலைநகரிலிருந்து மாவட்டம், வட்டாரம் என்று படியிறங்கிப் பள்ளியை அடைகிறது. ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி அளிக்கப்படுகிறது; புத்தகக் கட்டுகள் வந்து சேருகின்றன. இவ்வளவும் முடிந்ததும் மாறுதல் நடந்துவிட்டதாகக் கணக்கு எழுதப்படுகிறது. பின்னர் வகுப்பறையில் ஒன்றும் மாறவில்லை என்று தெரியவரும்போது, ஆசிரியருக்குத் திறமை இல்லை அல்லது மனமில்லை என்று தீர்ப்புக் கூறப்படுகிறது. இத்தீர்ப்பு நியாயமானதுதானா? கடந்த கால் நூற்றாண்டில் நம் நாட்டுப் பள்ளிகளிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று இதற்குத் தெளிவான விடையைத் தருகிறது.

படிக்க இயலாத ஐந்தாம் வகுப்பு

பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005-ம் ஆண்டு முதல் ‘அசர்’ என்ற பெயரில் கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையைப் பற்றிய அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. வீடு வீடாகச் சென்று, குழந்தையின் கையில் இரண்டாம் வகுப்புத் தரத்திலுள்ள ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதே அதன் முறை. 2018-ம் ஆண்டில் ஐந்தாம் வகுப்பில் பயின்ற கிராமப்புறக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரே அதைப் படித்தனர். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின்னர், 2022-ல் இது 100-க்கு 43 என்ற அளவுக்குத் தாழ்ந்தது; 2024-ல் மீண்டும் 49-ஐ நெருங்கியது. ஐந்தாண்டுகள் பள்ளிக்கு வந்த குழந்தைகளில் சரிபாதியினர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க இயலாமல் நிற்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இதற்குக் காரணம் காண்பது கடினமன்று. வகுப்புகள் வயதைக் கொண்டு அமைகின்றன. பாடத்திட்டம் நாட்காட்டியைக் கொண்டு நகர்கிறது. இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்காத குழந்தைக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் விளங்காது. நான்காம் வகுப்பில் அது மேலும் பின்தங்கும். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் பேசுவது வெறும் ஓசையாகவே அதன் காதில் விழும். பரிகாரமும் எளிமையானதே. மூன்று முதல் ஐந்து வகுப்புகளிலுள்ள குழந்தைகளை நாள்தோறும் ஓரிரு மணி நேரம் வகுப்பு வேற்றுமை பாராமல், எழுத்தை அறிந்தோர், சொல்லைப் படிப்போர், பத்தியைப் படிப்போர், கதையைப் படிப்போர் என்று குழுக்களாகப் பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்க வேண்டும். முன்னேறிய குழந்தையை உடனே அடுத்த குழுவுக்கு மாற்ற வேண்டும். முறை இவ்வளவுதான்.

சோதனைகள் காட்டிய உண்மை

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் பிரதம் நிறுவனத்துடன் சேர்ந்து இம்முறையைப் பல மாநிலங்களில் சோதித்தனர். சீட்டுக் குலுக்குவது போலப் பள்ளிகளையோ கிராமங்களையோ தேர்ந்து, ஒரு பகுதியில் மட்டும் முறையைச் செயற்படுத்தி, மற்றப் பகுதியுடன் ஒப்பிடுவது அவர்கள் கையாண்ட வழி. இவ்விருவரும் மைக்கேல் கிரெமருடன் 2019-ம் ஆண்டின் பொருளாதார நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரிசைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது, வெற்றிகளோடு தோல்விகளையும் அவர்கள் மறைக்காமல் பதிவு செய்ததுதான்.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் அந்தந்தப் பகுதி இளம்பெண்கள் பின்தங்கிய குழந்தைகளுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பித்தபோது, குழந்தைகளின் மதிப்பெண் உயர்ந்தது. 2005-06-ல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் வேறொரு வினா எழுப்பப்பட்டது. குழந்தைகள் படிக்க அறியாமலிருக்கும் செய்தியைக் கிராமத்தாரிடம் எடுத்துரைத்தால் பள்ளி திருந்துமா? சில கிராமங்களில் கூட்டங்கள் நடத்தி விவரங்களை மட்டும் தெரிவித்தனர். பள்ளியில் எவ்வித மாறுதலும் காணப்படவில்லை. வேறு சில கிராமங்களில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்து படிப்பு வகுப்புகளை நடத்தச் செய்தனர். அவற்றுக்கு வந்த குழந்தைகள் நன்கு முன்னேறினர். ஆனால் வந்தவர்கள் ஒரு சிறு பகுதியினரே. எனவே எல்லாக் குழந்தைகளையும் எட்ட வேண்டுமானால் பள்ளியையும் ஆசிரியரையும் விட்டால் வேறு வழியில்லை என்பது உறுதியாயிற்று.

அடுத்துப் பீகாரில் கண்டது மிகவும் சிந்திக்கத் தக்கது. அங்கே சில பள்ளிகளுக்குப் புதிய பாடப் பொருள்களை மட்டும் கொடுத்தனர். வேறு சில பள்ளிகளில் பொருள்களோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தனர். இரண்டினாலும் குழந்தைகளின் படிப்பில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆயினும் அதே பீகாரில், 2008-ம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த கோடை முகாம்களில் அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களே இம்முறைப்படி கற்பித்தபோது, சில வாரங்களிலேயே குழந்தைகள் முன்னேறினர்.

ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்ற தீர்ப்பு இங்கே உடைந்து போகிறது. ஜூன் மாதத்தில் கற்பிக்கத் தெரிந்தவருக்கு ஆகஸ்டு மாதத்தில் அது மறந்துவிடுமா? கோடை முகாமில் அவருக்கு இருந்த வேலை ஒன்றே: குழந்தையைப் படிக்க வைப்பது. பள்ளி திறந்ததும் முதல் வேலை பாடத்தை முடிப்பதாகிவிடுகிறது. மேற்பார்வைக்கு வருபவர், எந்தப் பாடம் வரை நடந்திருக்கிறது என்றுதான் கேட்கிறார். எந்தக் குழந்தை எதுவரை படிக்கிறது என்று அவர் கேட்பது அரிது.

சட்டம் கூறும் இரு கடமைகள்

இந்த முரண்பாடு பின்னர் வந்த சட்டத்திலேயே பதிந்திருப்பதைக் காணலாம். 2009-ம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் ஆற்றலையும் அளந்தறிந்து, தேவைப்படும் கூடுதல் போதனையை அளிக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. இரண்டும் அருகருகே நிற்கும் சம கடமைகளே. ஆனால் முதற் கடமை பதிவேட்டில் எழுதப்படுகிறது, தணிக்கை செய்யப்படுகிறது. இரண்டாவதைப் பற்றிக் கேட்பார் இல்லை. எந்தக் கடமை கேட்கப்படுகிறதோ அதுவே செய்யப்படும். ஆதலால் கொள்கை என்பது சட்டப் புத்தகத்தில் இருப்பது மட்டுமன்று. மேற்பார்வையாளர் கேட்கும் முதற் கேள்வியும் கொள்கையே ஆகும்.

அரியானா காட்டிய வழி

2012-13-ல் அரியானா மாநிலத்தில் பீகாரின் படிப்பினையைக் கொண்டு இரண்டு திருத்தங்கள் செய்யப்பட்டன. முதலாவதாக, பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரம் இம்முறைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் பாடத்திட்டத்துக்கு இடமில்லை. இரண்டாவதாக, ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வேண்டிய வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தாங்களே பயிற்சி பெற்று, 15 முதல் 20 நாட்கள் வரை பள்ளியில் குழந்தைகளுக்குக் கற்பித்துப் பார்த்தனர். அதன் பின்னரே அவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். தொடர்ந்து பள்ளிகளுக்குச் சென்று உதவியும் செய்தனர். இதன் பயனாக அரசாங்க ஆசிரியர்கள் சாதாரணப் பள்ளி நாட்களிலேயே குழந்தைகளின் இந்தி வாசிப்பை உயர்த்தினர்.

அதே காலத்தில் அதே மாநிலத்தில், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்னும் மற்றொரு திட்டமும் சோதிக்கப்பட்டது. அதன் நோக்கமும் உயர்ந்ததே. எனினும் குழந்தைகளின் கற்றலில் அதனால் பலன் காணப்படவில்லை. ஒன்று பதிவேடாக வந்தது, மற்றொன்று பழக்கமாக வந்தது என்பதே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று கருதுகிறேன். தானே இருபது நாள் கற்பித்த ஒருங்கிணைப்பாளர் பள்ளிக்குள் நுழையும்போது, ஆசிரியர் எங்கே தடுமாறுவார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்கிறார். சுற்றறிக்கையை மட்டும் படித்தவர் நுழையும்போது பதிவேட்டைத்தான் தேடுவார்.

இம்முறைக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரியானாவில் கிடைத்த பலன் மிதமானதே. 2013-14-ல் உத்தரப் பிரதேசத்தில் பிரதம் ஊழியர்களே பள்ளிக்குள் வந்து 10 நாள், 20 நாள் முகாம்களாக நடத்தியபோது, பத்தியோ கதையோ படிக்க வல்ல குழந்தைகள், முகாம் நடவாத பள்ளிகளில் இருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்காயினர். ஆனால் வெளி ஊழியர்களைக் கொண்டு நாட்டின் பள்ளிகள் அனைத்தையும் என்றென்றும் நடத்த இயலாது. அரியானாவின் வழி மெதுவானதாயினும் அரசாங்கத்தின் சொந்த ஊழியர்களைக் கொண்டே நடப்பது.

செய்தி இரு திசையிலும் செல்ல வேண்டும்

மேலிருந்து கீழே சொல்லி அனுப்புவதையே நாம் பெரும்பாலும் செய்தித் தொடர்பு என்று எண்ணுகிறோம். கீழிருந்து மேலே செல்லும் பாதை அதைவிட முக்கியமானது. 1972-ம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞான போதனைத் திட்டத்தை இங்கே நினைவுகூர வேண்டும். அதில் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஒருங்கே அமர்ந்து பாடங்களை உருவாக்கினர். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தப் பரிசோதனை வகுப்பில் நடந்தது, எது நடக்கவில்லை என்று கூறினர். அதற்கேற்பப் பாடநூல் திருத்தப்பட்டது. தேர்விலும் செய்முறைக்கு இடம் தரப்பட்டது. புத்தகத்தைப் பார்த்து விடையளிக்கவும் அனுமதி இருந்தது. 1978-ல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் திட்டம் விரிந்தது. ஆயினும் 2002-ம் ஆண்டில் மாநில அரசாங்கம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியரின் அனுபவம் பாடநூல் வரை ஏறிச் செல்ல முடியும் என்பதற்கு அத்திட்டம் சான்று. கொள்கையின் ஆதரவு நீங்கினால் முப்பதாண்டு உழைப்பும் நிலைக்காது என்பதற்கும் அதுவே சான்று.

ஊழியர்களின் வேலைப் பளு

இதைப் படிக்கும் குறுவள மைய ஊழியர் ஒருவர் நியாயமான மறுப்பு ஒன்றைக் கூறலாம். “இருபது நாள் கற்பிக்க எனக்கு நேரம் ஏது? புள்ளி விவரம் திரட்டவே நாள் போதவில்லையே!” என்பார். உண்மைதான். 1994-ல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் வழியே வட்டார, குறுவள மையங்கள் நாட்டில் பரவியபோது, ஆசிரியருக்குப் போதனையில் துணை நிற்பதே அவற்றின் நோக்கமாக இருந்தது. காலப்போக்கில் படிவங்களைக் கொண்டுசெல்வதும் திருப்பி வாங்குவதும் பெரும் பணியாகிவிட்டன. இது ஊழியரின் குற்றமன்று. ஆனால் இதைத் திருத்தாமல் வேறு எதையும் திருத்த இயலாது.

குழுவாகப் பிரித்தால் பின்தங்கிய குழந்தை மனம் புண்படாதா என்று ஆசிரியர் கேட்கலாம். குழு நிரந்தரமானால் புண்படும். சில வாரங்களுக்கு ஒருமுறை அளந்து பார்த்து மாற்றினால், அது குழந்தைக்கு ஏணிப்படியாகும். ஒன்றும் விளங்காமல் ஆண்டு முழுவதும் பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் காட்டிலும் பெரிய புண் எது?

செய்ய வேண்டியவை

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் முதலிடம் தந்தது. அதைத் தொடர்ந்து 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கம், 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 2022-க்கும் 2024-க்கும் இடையே கண்ட உயர்வு ஊக்கமளிப்பதே. ஆயினும் இலக்கை அறிவிப்பது ஒன்று, அதை வகுப்பறைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொன்று.

ஆதலால் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். அதிகாரிகள், பாடத்திட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்ட ஒரு மணி நேரத்தை எழுத்து மூலம் ஆசிரியருக்கு வழங்க வேண்டும். ஆய்வின்போது அந்த நேரத்தைப் பற்றியே முதலில் கேட்க வேண்டும். கள ஊழியர்கள் எந்தப் புதிய முறையைப் பரப்ப வந்தாலும், முதலில் தாங்களே இருபது நாள் குழந்தைகளிடம் அதைக் கையாண்டு பார்க்க வேண்டும். அதற்கான காலம் அவர்களுடைய பணிக் கணக்கில் சேர வேண்டும். ஆசிரியர்கள், வகுப்பில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை அச்சமின்றி எழுதி அனுப்ப வேண்டும். அதைப் படித்துப் பதில் எழுதும் பொறுப்பு ஒருவருக்கேனும் இருக்க வேண்டும்.

வயலில் இறங்காத விரிவாக்க ஊழியரை விவசாயி நம்புவதில்லை. வகுப்பறையிலும் அதுவே நியதி. ஐந்தாம் வகுப்பில் அமர்ந்து புத்தகத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மேலும் ஒரு சுற்றறிக்கையால் ஆவது ஒன்றுமில்லை. அதன் அருகில் அமர்ந்து, அதற்குத் தெரிந்த எழுத்திலிருந்து தொடங்கும் ஒருவரே அதற்குத் தேவை. ஆராய்ச்சியும் கொள்கையும் அவருக்குத் துணை நிற்பதற்காகவே இருக்கின்றன.