காது இரைச்சலா, மறதியா?

நம் பூம்புகார், சீர்காழிப் பக்கம் அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் முதல் பேச்சு சர்க்கரை, அடுத்தது முழங்கால், மூன்றாவது காது. "உள்ளே சில்வண்டு கத்துது சார்" என்பார் ஒருவர். "எனக்கு ரைஸ்மில்லே ஓடுது" என்பார் இன்னொருவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சிரிப்பு இருக்காது.

இது புது வியாதி இல்லை. சுஷ்ருத சம்ஹிதையிலேயே 'கர்ணநாதம்' என்று பெயர் உண்டு. வயது ஒரு காரணம். டிராக்டர், அறுவடை இயந்திரம், படகு எஞ்சின், திருவிழா அதிர்வேட்டு என்று நாம் ஆயுள் முழுக்கக் கேட்ட சத்தமும் காரணம். உள்காதின் நுண்ணிய செல்கள் தேய்ந்தால் மறுபடி முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் சேதி குறையக் குறைய, மூளை ரேடியோவின் வால்யூமைத் திருகுவது போலக் கூட்டிக்கொள்கிறது, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பதுதான் இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

1953-இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நன்றாகக் காது கேட்கும் 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். சில நிமிடங்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அப்படியென்றால் சத்தம் பலருக்கும் இருக்கிறது, வேதனைதான் சிலருக்கு. அளந்து பார்த்தால் இரைச்சலின் அளவுக்கும் படுகிற வேதனைக்கும் பெரிய சம்பந்தம் இருப்பதில்லை. நடுவில் நிற்பது கவனம். வேண்டாததை ஒதுக்கிவிட்டு வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும் திறன் அது. வயதானால் அது கொஞ்சம் தளரும். தளர்ந்தால் இரைச்சலை ஒதுக்க முடியாது. ஒதுக்க முடியாவிட்டால் தூக்கம் போகும், கவலை வரும், கவனம் இன்னும் தளரும். செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

என் ஆதங்கம் இதுதான். இப்படி அவதிப்படுகிறவர் கடைக்குப் போய் வாங்க வந்ததை மறக்கிறார், கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்கிறார். உடனே வீட்டில், "அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவரும் பயந்துபோய்த் திண்ணையில் ஒதுங்கிவிடுகிறார். உண்மையில் அவருக்குக் கேட்காமல் இருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம், மனம் சோர்ந்திருக்கலாம். இந்த மூன்றையும் பார்க்காமல் மறதிப் பட்டம் கட்டுவது அநியாயம்.

காது மந்தத்தை அலட்சியப்படுத்துவதும் தவறு. சரிசெய்யக்கூடிய மறதி நோய்க் காரணங்களில் கேட்கும் திறன் குறைவும் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் சொல்லி வருகிறது. 2023-இல் அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் நடந்த மூன்றாண்டு ஆய்வில், காதுக்கருவி எல்லோருடைய நினைவாற்றலையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்தவர்களுக்கு அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்தது. மூக்குக்கண்ணாடிக்கு வெட்கப்படாத நாம் காதுக்கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இதுவரை இல்லை. விளம்பரம் பார்த்துப் பணத்தை விடாதீர்கள். மனநல ஆலோசகர் உதவியோடு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளும் சிகிச்சை, சத்தத்தைக் குறைக்காவிட்டாலும் வேதனையைக் குறைக்கிறது. படுக்கும்போது முழு நிசப்தம் வேண்டாம். மின்விசிறியோ மெல்லிய பாட்டோ ஓடட்டும். நமக்குக் கடலோசை இருக்கிறது, செலவே இல்லை. ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்த இரைச்சல் என்றால் டாக்டரிடம் போங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள். சில மருந்துகளாலும் இரைச்சல் வரும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். கூடவே, "காது கேக்குதா? இரைச்சல் இருக்கா? ராத்திரி தூங்குறீங்களா?" என்று மூன்று கேள்வி கேட்டால் என்ன? ஏழை முதியவர்களுக்குக் காதுக்கருவி தர 2017-இல் வந்த ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. கேள்வி கேட்டால்தானே யாருக்குத் தேவை என்று தெரியும்?

பிள்ளைகளே, "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். பாதி மறதி அங்கேயே தீர்ந்துவிடும்.